சார்ஜரை விடுங்கள், மீற்றரைப் பாருங்கள்

கரண்ட் பில்லைக் கூட்டும் சாமான் எது என்று பிடிக்க, வீட்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு, சந்தேகமுள்ள ஒரு சாமானை மட்டும் போடுங்கள். மீற்றரின் சிவப்பு லைற் ஒருமுறை மின்னி மறுமுறை மின்ன எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். மீற்றரில் ஒரு யூனிற்றுக்கு 1600 துடிப்பு (1600 imp/kWh) என்று இருந்தால் 2250ஐ அந்தச் செக்கனால் பிரியுங்கள். 1000 என்றால் 3600ஐ. வருவதுதான் அந்தச் சாமான் இழுக்கும் வாட்ஸ்.

சார்ஜரைக் கழற்றினால் பில் குறையும் என்று பேப்பரிலும் ரீவியிலும் சொல்வதை நம்பி அலைய வேண்டாம். போன் கொழுவாத புதுச் சார்ஜர் இழுப்பது ஏறக்குறைய 0.1 வாட்ஸ், மாதம் முழுக்க விட்டாலும் 0.1 யூனிற் வராது. 60 வாட்ஸ் குண்டு பல்ப் தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிற். 9 வாட்ஸ் எல்ஈடிக்கு 1.35தான். முதலில் குண்டு பல்பை மாற்றுங்கள். கிணற்று மோட்டரையும் அளந்து பாருங்கள்.

பழைய டிஷ் பெட்டி விதிவிலக்கு. ரிமோட்டில் நிற்பாட்டினாலும் 10 வாட்ஸ் இழுத்தால் மாதம் 7 யூனிற் போகும், சுவரிலேயே நிற்பாட்டுங்கள். தட்டுச் சுற்றும் பழைய மீற்றருக்கு மேலே சொன்ன லைற் கணக்குப் பொருந்தாது. ஐப்பசி இடிமழைக்கு மட்டும் எல்லாப் பிளக்கையும் கட்டாயம் கழற்றுங்கள், அது பில்லுக்காக இல்லை.