ஐசியுவுக்குப் புதுசா வாற தாதியருக்கு

மொனிட்டர் மாட்ட முதல் நோயாளியின்ர கையைப் பிடியுங்கோ. கை குளிர்ந்து வேர்த்திருக்கோ, நாடி நூல்மாதிரி ஓடுதோ எண்டு பாருங்கோ. விரல்நுனியை நெஞ்சு மட்டத்தில வைச்சு 5 விநாடி அமத்தி விடுங்கோ. சிவப்பு திரும்ப 2 விநாடிக்கு மேல எடுத்தா இரத்தவோட்டம் போதாது எண்டு சந்தேகப்படுங்கோ.

கந்தளாய் றோட்டில மோட்டார் சைக்கிளால விழுந்து வாற இளம் பொடியன்களில பிரஷரை மட்டும் நம்பாதேங்கோ. இரத்தத்தில மூண்டிலொரு பங்கு போகுமட்டும் அது விழாமல் நிக்கும். நாடி 120, மூச்சு வேகம், பொடியன் அந்தரப்படுறான் எண்டா அப்பவே டொக்டரைக் கூப்பிடுங்கோ. பீறிடுற இரத்தத்தை முதல்ல அமத்திப் பிடியுங்கோ, பிறகு சுவாசப்பாதை, மூச்சு. கழுத்தை அசைக்க விடாதேங்கோ. ஈர உடுப்பைக் கழட்டிப் போர்த்துங்கோ. குளிர்ந்த உடம்பில இரத்தம் லேசில உறையாது.

நெஞ்சுநோ எண்டா 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி. மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சீனி வருத்தக்கார அம்மாமார் கனபேர் நோ எண்டே சொல்லமாட்டினம். "களைக்குது பிள்ளை, வயித்தைப் பிரட்டுது" எண்டுதான் சொல்லுவினம். அவைக்கும் கட்டாயம் எடுங்கோ, எனக்கு இதுதான் பெரிய கவலை. இதயத்தின்ர கீழ்ச்சுவரில மாரடைப்பெண்டா ஜிடிஎன் (நாக்குக்குக் கீழ வைக்கிற, இரத்தக்குழாயை விரிக்கிற குளிசை) குடுக்க முதல் நெஞ்சின்ர வலப்பக்கத்தில எடுக்கிற ஈசிஜியைப் பற்றி டொக்டரிட்டக் கேளுங்கோ. இதயத்தின்ர வலது கீழறையும் பாதிச்சிருந்தா அந்தக் குளிசை பிரஷரை விழுத்திப்போடும்.

சிறுநீர், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிலீற்றராவது வரவேணும். குறைஞ்சா விடியுமட்டும் பாத்துக்கொண்டிராமல் சொல்லுங்கோ. பார்த்த எண்களையும் நேரத்தையும் கட்டிலடியிலயே நிண்டு எழுதுங்கோ.