‘செல்லுக்குள்ளேயே தப்பினோம்’ என்ற பேச்சு: வன்னியில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் யாரை எதற்கு எச்சரித்தாலும் ஒரே பதில்தான் வரும்: “அத்தனை செல்லுக்குள்ளேயே சாகவில்லை, இதிலா சாகப்போகிறோம்?” 2009 மே வரை நடந்த போரையும் ‘செல்’ என்று நாங்கள் சொல்லும் எறிகணை வீச்சையும் கடந்து வந்தவரிடம் இதற்கு எதிராக வாய் திறக்கவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் எனக்கு இந்தப் பேச்சில் துளியும் உடன்பாடில்லை. செல் வந்தபோது நமக்குத் தெரிவு இருக்கவில்லை. இன்று நடக்கும் சாவுகளிலும் இழப்புகளிலும் பல நாமே சம்மதித்து வாங்கிக்கொண்டவை. தப்பி வந்த உயிருக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

வெடிபொருட்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது; 2028 ஜூனுக்குள் எல்லாவற்றையும் அகற்றி முடிக்க வேண்டும் என்பது கெடு. அப்படியென்றால் வேலை இன்னும் முடியவில்லை என்றுதானே பொருள்? முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நடப்பட்டிருப்பது அழகுக்காக அல்ல. ஆட்கள் பிழைவிடுவது பெரும்பாலும் பலகை இல்லாத இடத்தில்தான். அகற்றி ஒப்படைத்த காணி என்றால் குறிப்பிட்ட ஆழம்வரை பார்த்த காணி என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். கிணறு வெட்டும்போதும் மலசலகூடக் குழி தோண்டும்போதும் அதற்குக் கீழே இருப்பது மேலே வரும். அடுத்த தவறு குப்பை எரிப்பது. பல வருடம் புழங்காத வளவைத் துப்புரவாக்கிக் குப்பையை ஒரே மூலையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். அந்த மூலைக்குள் என்ன புதைந்திருக்கிறது என்று நெருப்புக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் மோசமானது பழைய இரும்பு விலைக்காக வெடிக்காத செல்லைத் தட்டிப் பார்ப்பதும், பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள் என்று நல்ல மனதோடு அதைத் தூக்கி வேலியோரம் வைப்பதும். கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வந்த வழியிலேயே திரும்பி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்துக்கோ சொல்லுங்கள். பொலிஸ் வந்தால் விசாரணை, கரைச்சல் என்று பயந்து பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். காலில்லாமல் இருப்பதைவிட அந்தக் கரைச்சல் சின்னது.

பாம்புக்கடி. வயல் அறுவடைக் காலத்தில் புடையன், நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் இரவில் கட்டுவிரியன். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது, பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, கண்ணிமை விழுதல் என்று தொடங்கும். “நேற்று இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை” என்று இஞ்சிக் கோப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். பார்வை பார்ப்பவரிடம் போவது பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும்போதுதான் அவருடைய மந்திரம் பலிக்கிறது. இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். விஷமுறிவு மருந்தும் அரச வைத்தியசாலையில் இலவசம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், முடியாவிட்டாலும் பரவாயில்லை. பாய்க்குப் பதில் கட்டிலும், நுளம்பு வலையை நான்கு பக்கமும் நன்றாகச் செருகி வைப்பதும் எந்த மந்திரத்தைவிடவும் பலிக்கும்.

காட்டுப்பன்றிக்கு மின்சாரக் கம்பி இழுத்து வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பன்றிக்கு வைத்த கம்பியில் விடியற்காலையில் மாடு தேடி வந்த பக்கத்துக் காணிக்காரர் விழுந்தால் அது விபத்து என்று யாரும் எழுத மாட்டார்கள். யானை விழுந்தாலும் சிறைதான். இரவில் ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாடுகளும், தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓடும் தம்பிமாரும் நீங்கள் அறிந்த கதைதான்.

இனி, இரத்தம் வராத ஆபத்துகளுக்கு வருகிறேன். இவற்றில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

குழுக் கடன்: பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுப்பது. ஒரு வீட்டு மாமரத்தடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு அமர்ந்திருப்பார் கடன் கொடுக்க வந்தவர். படிவங்கள் தடிப்பாக இருக்கும். கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி. பெண்கள் அந்தக் குறியைத் தேடித் தேடிக் கையெழுத்து வைத்துத் தாளைப் புரட்டுகிறார்கள். குறிக்கு மேலே இருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை. வாசிக்க முடியாத மொழியில் இருந்தாலும் கேட்பதில்லை. சில இடங்களில் தொகைக்குரிய கட்டமே வெறுமையாக இருக்கும்.

அந்தப் படிவத்தில் உங்கள் பெயர் ‘பிணையாளர்’ என்று இருந்தால், கடன் எடுத்தவர் கட்டாத நாளில் நீங்கள்தான் கடனாளி. “சும்மா ஒரு கையெழுத்துத்தானே, அக்கா” என்று கேட்பவருக்கும் அது தெரியாமல் இருக்கலாம். கொடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். மறுத்தால் உறவு கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை: உங்களிடம் 5,000 ரூபாய் இருந்தால் திருப்பிக் கேட்காமல் அதைக் கொடுத்துவிடுங்கள். அது நட்டத்தில் முடிந்தாலும் அளவான நட்டம். பிணைக்கு அளவே கிடையாது.

வட்டியையும் ஒருமுறை கணக்குப் பார்ப்போம். 1,00,000 ரூபாய் கடன், கிழமைக்கு 2,500 வீதம் 52 கிழமை. கட்டி முடிக்கும்போது 1,30,000. “முப்பது வீதம்தான்” என்று சொல்லுவார்கள். ஆனால் அந்த 1,00,000 வருடம் முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். குறைந்துகொண்டே போகும் தொகைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஐம்பது வீதத்தைத் தாண்டும். இந்தக் கடனை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் எடுப்பதுதான் வன்னியில் பல குடும்பங்களை வேரோடு சாய்த்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

கடன் கட்ட முடியாமல் போனவர்கள் செய்யும் பெரிய தவறு ஒளிந்துகொள்வது. வெறுமனே கடன் கட்டாமல் இருப்பது குற்றச்செயல் இல்லை. அதற்காக யாரும் உங்களைப் பிடித்து அடைக்க முடியாது. கடன் கொடுத்தவர் மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். நீங்களும் அங்கே போய் “மாதம் இவ்வளவுதான் முடியும்” என்று சொல்லலாம். காசோலை எழுதிக் கொடுத்து அது திரும்பியிருந்தால் மட்டும் கதை வேறு. ஆகவே வெற்றுக் காசோலையும் வெற்றுத்தாளும் யாருக்கும் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று தகாத வார்த்தை பேச கடன் கொடுத்த எவருக்கும் உரிமை இல்லை. வெட்கப்பட வேண்டியவர் அவர். முறைப்பாடு செய்ய வேண்டியவர் நீங்கள்.

அடுத்தது காணி. குளங்களை நம்பி உருவான குடியேற்றத் திட்டங்கள் வன்னி முழுக்க இருப்பதால் இங்கே பெரும்பகுதி பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது அது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, மாற்றினால் செல்லாது. இது தெரிந்தும் ஆட்கள் ‘சத்தியக் கடதாசி’ முடித்து வாங்குகிறார்கள். ஒரு தாள், “எனக்குச் சொந்தமான காணியை இன்னாருக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்” என்று நான்கு வரி, முத்திரை மேல் இரண்டு கையெழுத்து, கீழே சமாதான நீதவானின் இறப்பர் முத்திரை. அந்த இறப்பர் முத்திரையில்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். சமாதான நீதவான் உறுதிப்படுத்துவது இன்னார் என் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்டார் என்பதை மட்டும். காணியை மாற்றிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் அதில் கல்வீடு கட்டினாலும் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் பெயர் பழையவருடையதுதான். பத்து வருடம் கழித்து அவருடைய பிள்ளை வந்து கேட்டால் உங்கள் கையில் இருப்பது அந்த நான்கு வரிதான். இயக்கம் (விடுதலைப் புலிகள்) இருந்த காலத்தில் கிடைத்த காணிக் கடிதத்தையும் அரச அலுவலகத்தில் உரித்தாக ஏற்க மாட்டார்கள். அதை வைத்திருப்பவர்கள் புதிய பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெர்மிட் வைத்திருப்பவர்களும் ஒழுங்காக இல்லை. தங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதியாமலே இறந்துபோகிறார்கள். “எனக்குப் பிறகு எல்லாம் கடைசிப் பெண்ணுக்குத்தான்” என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார் தகப்பன்; பிரதேச செயலகத்துக்கு மட்டும் சொல்லியிருக்க மாட்டார். நியமனம் இல்லாவிட்டால் சட்டம் சொல்லும் வரிசைப்படிதான் காணி போகும். அந்த வரிசையில் முன்பு ஆண் பிள்ளைக்கே முதலிடம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை இன்னும் இருக்கிறது. ஆக, கடைசிப் பெண்ணுக்கு என்று நினைத்தால் உயிரோடு இருக்கும்போதே எழுதிப் பதியுங்கள். பெர்மிட் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்றால் செயலகத்துக் காணிக் கிளையில் பேரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். “பிறகு வாருங்கள்” என்ற பதிலோடு திரும்பிவராதீர்கள். தகவல் அறியும் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

உறுதிக் காணி, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணி, வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. விற்பவர் வெளிநாட்டில், இங்கே அவருடைய அற்றோணி (அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர்தான் கையெழுத்திடுகிறார் என்றால், அற்றோணி கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்த நாளோடு அற்றோணியும் முடிந்துவிடும். அவரோடு வீடியோ அழைப்பில் ஐந்து நிமிடம் கதைக்கக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படி 2025 மார்ச் 28 அன்று வர்த்தமானி வந்தது நினைவிருக்கும். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் இருந்தன. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; தப்பினோம். அந்த மூன்று மாதத்தில் தங்கள் பெட்டியைத் திறந்து உறுதியைத் தேடிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்டு எடுக்கலாம். இன்றே எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

வெளிநாட்டு முகவர்: அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரித்துப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். படகு என்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2022 நவம்பரில் இலங்கையர் 303 பேர் நடுக்கடலில் தத்தளித்து, கனடா போக நினைத்தவர்கள் வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். கட்டிய காசு கட்டியதுதான்.

கடைசியாகப் பொலிஸ் நிலையம். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதி “சரி, கையெழுத்து வையுங்கள்” என்றால், வாசித்து விளக்கும்வரை வைக்காதீர்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. “எனக்கு இது விளங்கவில்லை, ஐயா” என்று சொல்லிவிட்டு இருந்தால் போதும். முறைப்பாடு கொடுத்தால் அதன் இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். சாதாரணச் சட்டத்தில் கைதுசெய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது என்பதால், என்ன சட்டத்தில் எடுக்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை வீட்டார் அந்த இடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அழுது முடித்து, சாமிக்கு நேர்ந்து, எம்.பி.யைப் பார்த்து, பிறகு சட்டத்தரணியிடம் போகும் வழக்கம் எங்களுக்கு. அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அரசியலமைப்பு கொடுப்பது அந்த ஒரு மாதம்தான். கொழும்புக்குப் போகப் பணமில்லை என்றால், அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதியுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது, அவசர இலக்கம் 1996. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். போகும்போது முறைப்பாட்டு இலக்கம், சம்பவம் நடந்த திகதி, அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் கொண்டுபோங்கள்.