ஒரு முனையில் சுழலும் ஃபென்ஸ்: டிரில் பிரஸ்ஸில் துளை பிசகாமல் போட ஒரு ஜிக்

டிரில் பிரஸ்ஸோடு வரும் இரும்பு மேசை உலோக வேலைக்கானது. அகலம் போதாது, மரத்தை ஒட்டிவைத்துப் பிடிக்க ஃபென்ஸும் (நேரான தடுப்புப் பட்டை) இருக்காது. மேலே ஒரு மர மேசை, அதன்மேல் ஒரு ஃபென்ஸ், மரம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க ஒரு ஸ்டாப் பிளாக் என மூன்றும் சேர்ந்தால் ஒரே மாதிரி நாற்பது துளைகூடச் சலிக்காமல் போடலாம்.

ரம்பமேசையின் ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருந்தே ஆகவேண்டும். டிரில்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிட் (துளைக்கும் அலகு) தொடுவது ஒரு புள்ளியை. அந்தப் புள்ளிக்கும் ஃபென்ஸுக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. ஃபென்ஸ் எவ்வளவு சாய்வாக நின்றாலும் துளை சரியாகவே விழும். அதனால் இரு பக்கமும் டி டிராக் (போல்ட் நகரும் உலோகக் காடி) பதிக்கும் வேலை இதற்குத் தேவையில்லை. இடது முனையில் ஒரு போல்ட், வலது முனையில் ஒரு சி கிளாம்ப், அவ்வளவே.

தேவையானவை

12 மி.மீ. பிளைவுட் 600 × 300 மி.மீ. ஒன்று, அதே நீள அகலத்தில் 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒன்று. அதே எம்.டி.எஃப். தாளிலிருந்தே 80 × 80 மி.மீ. சதுரங்கள் நான்கைந்து. ஃபென்ஸுக்கு 18 மி.மீ. பிளைவுட் பட்டைகள் இரண்டு, 600 × 50 மி.மீ. ஸ்டாப் பிளாக்குக்கு அதே பிளைவுட்டில் 60 × 50 மி.மீ. துண்டுகள் இரண்டு. எம்8 போல்ட் 90 மி.மீ. நீளத்தில் ஒன்று, 60 மி.மீ. நீளத்தில் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் வாஷரும் விங் நட்டும். 100 மி.மீ. வாய் திறக்கும் சி கிளாம்ப் இரண்டு. மரப்பசை.

மேசை

1. பிளைவுட்டின் பின் விளிம்பு நடுவில், இயந்திரத்தின் தூண் நுழைய ஒரு வெட்டு கொடுங்கள். அகலம் தூணின் விட்டத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். பிட்டின் மையம் முன் விளிம்பிலிருந்து சுமார் 180 மி.மீ. தள்ளி விழும்படி வெட்டின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். எம்.டி.எஃப். தாளிலும் இதே வெட்டு.

2. எம்.டி.எஃப். தாளில் மட்டும் 80 × 80 மி.மீ. சதுர ஓட்டை ஒன்று வெட்டுங்கள். அதன் மையம் பிட்டின் மையத்துக்கு நேராக வேண்டாம், 20 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். உள்ளே போடும் சதுரத்தை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பிட்டுக்கு அடியில் புதிய இடம் வரும். ஒரு சதுரத்தில் நான்கு இடம் கிடைக்கும்.

3. பிளைவுட், எம்.டி.எஃப். தாள் இரண்டையும் பசை தடவி ஒட்டி, இரவு முழுக்கக் கிளாம்பில் விடுங்கள். சதுரமும் மேல்தாளும் ஒரே கனம் என்பதால் இழைக்காமலேயே மட்டமாக உட்காரும். அடிப் பிளைவுட்டில், சதுரத்தின் ஒரு மூலைக்கு நேராக, 20 மி.மீ. துளை ஒன்று போட்டால் கீழிருந்து விரலால் தள்ளிச் சதுரத்தை எடுக்கலாம்.

4. இரும்பு மேசையின் காடிகளுக்கு நேராக இரண்டு போல்ட் துளைகள். போல்ட் தலை மேலே துருத்தக்கூடாது. முதலில் 22 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியுள்ள குழி போடும் பிட்) 9 மி.மீ. ஆழக் குழி, பிறகு அதன் நடுவில் 8.5 மி.மீ. துளை. வரிசை மாறினால் ஃபோர்ஸ்ட்னரின் நடுமுனைக்குக் கடிக்க மரம் இருக்காது; பிட் அலையும்.

மட்டம்

மேசை பிட்டுக்குச் செங்குத்தா என்று பார்ப்பது, பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யவேண்டிய வேலை. 3 மி.மீ. கம்பியை இசட் வடிவில் வளைத்துச் சக்கில் (பிட்டைக் கவ்வும் பகுதி) மாட்டுங்கள். முனை மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி, மேசையைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். சக்கைக் கையால் சுற்றுங்கள். இடப்பக்கம் உரசி வலப்பக்கம் 1 மி.மீ. இடைவெளி தெரிந்தால், 200 மி.மீ.க்கு 1 மி.மீ. சாய்வு. 50 மி.மீ. ஆழத் துளையில் இது கால் மி.மீ. பிசகு. டவல் (மரங்களை இணைக்கும் உருண்டை மர முளை) பொருத்தும்போது அது கையில் தெரிந்துவிடும். பக்கவாட்டுச் சாய்வை இயந்திர மேசையின் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பின் சாய்வுக்குப் பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் வழி இல்லை. மர மேசைக்கு அடியில் காகிதத் துண்டுகளைச் செருகுங்கள். சாதாரண அச்சுத்தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. கனம்.

ஃபென்ஸ்

இரு பட்டைகளையும் ஒட்டினால் 36 மி.மீ. கனம், 50 மி.மீ. உயரம். முகப்பை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், மேசைக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். முகப்பின் கீழ் விளிம்பை 3 மி.மீ. சரிவாக இழைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு, பிறகு அளவு பிசகுகிறதே என்று திண்டாடுபவர்கள் அதிகம். மூலையில் சேரும் மரத்தூள் மரத்தை அரை மி.மீ. முன்னே தள்ளும், சரிவு இருந்தால் தூள் அதற்குள் ஒதுங்கிவிடும்.

ஃபென்ஸின் நடுவில், மேலிருந்து 25 மி.மீ. ஆழம், 70 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு கொடுங்கள். விளிம்புக்கு அருகே துளை போடும்போது சக் வந்து ஃபென்ஸில் இடிக்காமல் இருக்க இது.

மேசையை இயந்திரத்தில் மாட்டி, 3 மி.மீ. பிட்டை இறக்கி மையத்தைக் குறியுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் 270 மி.மீ., பின்னால் 60 மி.மீ. அளந்த இடம்தான் சுழல் போல்ட்டுக்கு. மேசையைக் கழற்றி அங்கே 8 மி.மீ. துளை போடுங்கள். ஃபென்ஸின் இடது முனையிலிருந்து 30 மி.மீ. தள்ளி, ஒட்டுக்கோட்டின் மேலே, அதே அளவுத் துளை. இயந்திரத்தின் இறக்கம் போதாவிட்டால் இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகப் போடலாம். 8.5 மி.மீ. வேண்டாம், இங்கே ஆட்டம் இருந்தால் ஜிக் செய்ததே வீண். 90 மி.மீ. போல்ட்டைக் கீழிருந்து செருகி மேலே விங் நட். கடைசியாக, போல்ட் மையத்திலிருந்து 540 மி.மீ. தூரத்தில் ஃபென்ஸின் மேல் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

நுண் அளவு பிடிப்பது

பிட் 270-இல், கோடு 540-இல். ஆகவே கோட்டின் இடத்தில் ஃபென்ஸை 1 மி.மீ. நகர்த்தினால் பிட்டுக்கு எதிரே அரை மி.மீ.தான் நகரும். துளை மரத்தின் கனத்தில் நட்ட நடுவே வேண்டுமா? அதே கனமுள்ள கழிவுத்துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு புள்ளி போடுங்கள். துண்டைத் திருப்பி, மறுமுகம் ஃபென்ஸைத் தொட, அதே இடத்தில் இன்னொன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. 1 மி.மீ. விலகி விழுந்தால் உண்மைப் பிசகு அதில் பாதி, அரை மி.மீ.; அதைத் திருத்தக் கோட்டில் 1 மி.மீ. நகர்த்தவேண்டும். அதாவது புள்ளிகளுக்கிடையே கண்ணில் தெரியும் விலகலை அப்படியே கோட்டில் நகர்த்தினால் போதும், கணக்கே வேண்டாம். முதல் புள்ளி ஃபென்ஸைத் தொட்ட முகத்திலிருந்து நடுவைத் தாண்டிப் போயிருந்தால் ஃபென்ஸை பிட்டை நோக்கிக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பின்னே தள்ளுங்கள். கிளாம்பை இறுக்கும்போது ஃபென்ஸ் கொஞ்சம் நகரும். இறுக்கிய பிறகு ஒருமுறை மறுபடி சோதியுங்கள்.

ஸ்டாப் பிளாக்கின் இரு துண்டுகளையும் ஒட்டி, ஃபென்ஸின் முகப்பில் கிளாம்பால் பிடியுங்கள். அடியில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், காரணம் அதே மரத்தூள். மரத்தை அதில் மோதவேண்டாம், தொட்டால் போதும். ஒவ்வொரு மோதலுக்கும் பிளாக் இழையளவு நகரும். இருபதாவது துளையில்தான் அது தெரியவரும்.

துளையிடும்போது

மரத்தின் நீளமான பாகம் பிட்டுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் பிட் வலச்சுற்று. மரத்தைக் கவ்வி இழுத்தால் இடது பாகம் ஃபென்ஸில் போய் முட்டி நின்றுவிடும். வலப்பக்கம் நீளம் விட்டால் அந்த முனை உங்கள் வயிற்றை நோக்கி வரும். கையுறை போடக்கூடாது.

அடியில் சிலாம்பு பெயர்ந்தால் சதுரத்தைத் திருப்புங்கள். பழைய ஓட்டையின் மேல் துளைத்திருப்பீர்கள். ஃபோர்ஸ்ட்னர் புகைந்தால் வேகம் அதிகம்: 25 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்றுக்குள் வையுங்கள், தூளை வெளியேற்ற அடிக்கடி தூக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் துளை விலகினால் பிட்டைப் பாருங்கள். உலோகத்துக்கான சாதாரண பிட் மரத்தின் கடின வரையில் பட்டதும் மென்மையான பக்கம் சறுக்கும். நடுவில் ஊசிமுனை உள்ள பிராட் பாயின்ட் பிட்டுக்கு மாறி, துளை இடத்தில் குத்தூசியால் ஒரு குழி போட்டுவிட்டு இறக்குங்கள்.