வலை இழுத்த தோளுக்குக் காந்தத் துடிப்பு

பாம்பன் கரையில் வலை இழுத்துப் பிழைக்கிறவனுக்குத் தோள் போனால் தொழிலே போச்சு. எனக்கு வலது கை காதுக்கு மேல் ஏறவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் உயிர் போகும், சட்டை மாட்ட வீட்டில் ஆள் கூப்பிட வேண்டிய நிலை. தைலம், ஊசி எல்லாம் பார்த்தாச்சு.

ராமநாதபுரத்தில் பிசியோதெரபி செய்யும் தம்பி ஒருவர்தான் இந்த மின்காந்தத் துடிப்பு சிகிச்சையைச் சொன்னார். வளையம் மாதிரி ஒரு கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிவிடுவார். சூடும் தெரியாது, ஷாக்கும் அடிக்காது. சுருளில் மின்சாரம் விட்டு விட்டுப் பாய்வதால் காந்தப்புலம் ஏறி இறங்கி, உள்ளே தசையில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டுமாம். 1979-லேயே அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு இதை ஒட்டாத எலும்பு முறிவுக்கு அனுமதித்துவிட்டது. வலிக்குக் கேட்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை.

எனக்கு முதலில் ராத்திரி வலி குறைந்தது. அப்புறம்தான் பயிற்சி: விரலால் சுவரில் ஏறுவது, கப்பியில் கயிறு போட்டு நல்ல கையால் நோவுக் கையை மெல்லத் தூக்குவது. பாதிப் பெருமை அந்தக் கயிற்றுக்குத்தான் என்பேன். இப்போது வலை இழுக்கிறேன், ஈரவலை கனத்தால் மட்டும் பக்கத்து ஆளிடம் விட்டுவிடுவேன்.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதன் பக்கமே போக வேண்டாம். சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் தீரும் என்று காந்த மெத்தை விற்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.