கச்சான் அடிக்கும்போது கரை ஏன் அமைதியாக இருக்கிறது? தென்கடலில் படகு எடுப்போர் செய்யும் தவறுகள்

ஆனி, ஆடி மாதங்களில் தூத்துக்குடிப் பக்கம் காலையில் கடற்கரைக்குப் போய் நின்று பாருங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று முதுகில் அடிக்கும், மணல் பறக்கும், ஆனால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தூண்டில் போடுவதற்காக ஃபைபர் படகில் போகிறவர்களும் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களும் முதலில் ஏமாறுவது இங்கேதான். "அலையே இல்லையே" என்று படகைத் தள்ளிவிடுவார்கள்.

அலை இல்லாததற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவது. காற்று தண்ணீரின்மேல் ஓட ஓடத்தான் அலை வளரும். கரையோரத்தில் அதற்கு ஓட இடமே இல்லை. 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கி.மீ.) காற்றில் 10 கடல் மைல் வெளியே போய்விட்டால் அலை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். அதுவும் நான்கைந்து விநாடிக்கு ஒன்றாக நெருக்கி வரும் குத்து அலை. தெற்கிலிருந்து வரும் பெருங்கடல் அலையும் அதோடு குறுக்கே சேர்ந்துகொள்ளும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எதுவும் உறைக்காது. படகைத் திருப்பும்போதுதான் அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், தண்ணீர் ஏறும்.

எரிபொருள் கணக்கு தப்புவதும் இதனால்தான். போக 7 நாட் வேகம், 10 கடல் மைல்: ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வரும்போது எதிர்க்காற்றில் 4 நாட் கிடைத்தாலே பெரிது, அதற்கு இரண்டரை மணி நேரம். மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால், போக வர 12 லிட்டர் என்று போட்ட கணக்கு 16 லிட்டரைத் தொடும். பழைய விதி ஒன்று உண்டு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. கச்சான் காலத்தில் அந்தக் கையிருப்பே வரும் வழிக்குச் செலவாகிவிடும். அதனால் காற்று கரையிலிருந்து அடிக்கும் நாளில் பாதித் தூரத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. இரண்டு மாதம் கட்டிக்கிடந்த படகு, ஓடாத எஞ்சின், கைச்செலவுக்குப் பணமில்லாத அவசரம் எல்லாம் சேர்ந்து கடலுக்குப் போகும் அந்த வாரம்தான் கச்சான் உரம் பிடித்திருக்கும் வாரமும்.

அறிக்கையை அரைகுறையாகப் படிப்பது

வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் அடிக்கடி வரும் வாசகம் இது: "மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்." இதில் மூன்று இடங்களில் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

முதலாவது, "சூறாவளி" என்ற சொல். ஊர்ப்பேச்சில் சூறாவளி என்றால் புயல். அறிக்கையில் அதற்குப் பொருள், திடீர் திடீரென வலுத்து வீசும் பலத்த காற்று. வானத்தில் மேகமே இல்லாமலும் அது அடிக்கும். "சூறாவளின்னாங்க, ஒண்ணும் வரலையே" என்று இரண்டு முறை சொன்னவர் மூன்றாம் முறை அறிக்கையைக் கேட்கவே மாட்டார்.

இரண்டாவது, 45க்கும் 65க்கும் உள்ள வித்தியாசம். 45 கி.மீ. என்பது ஏறக்குறைய 24 நாட், 65 என்பது 35 நாட். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். 45இலிருந்து 65க்குப் போனாலே விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். படகு கவிழ்வது சராசரிக் காற்றில் அல்ல, அந்த "இடையிடையே"யில்தான். சில செயலிகள் வேகத்தை நாட் அலகில் காட்டும், சில கி.மீ.யில், சில நொடிக்கு மீட்டரில். 20 என்ற எண்ணைப் பார்த்துச் "சின்னக் காற்றுதான்" என்று நினைப்பதற்குமுன் அலகு எது என்று பாருங்கள். 20 நாட் என்றால் 37 கி.மீ.; நொடிக்கு 20 மீட்டர் என்றால் 72 கி.மீ. நேரமும் அப்படியே. உலக நேரத்தில் போட்டிருக்கும் வரைபடத்தில் ஐந்தரை மணி கூட்டாமல் படித்தால், நண்பகலில் அடிக்கப்போகும் காற்றை விடிகாலைக் காற்று என்று எடுத்துக்கொண்டு காலை ஒன்பதுக்கு நிம்மதியாகக் கிளம்பிவிடுவீர்கள்.

மூன்றாவது, பகுதியின் பெயர். "மன்னார் வளைகுடா", "குமரிக்கடல்", "தென்மேற்கு வங்கக்கடல்" என்று அறிக்கை கடலைப் பிரித்துச் சொல்கிறது. புறப்படும் ஊர் எந்தப் பகுதி என்று மட்டும் பார்த்தால் போதாது. வலை போடும் இடம் எந்தப் பகுதி, திரும்பும் வழியில் எதைக் கடக்க வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. நாகர்கோவிலில் இலை அசையாமல் இருக்கும்போதும் கணவாய்க்குக் கிழக்குப் பக்கம் கடல் வெளுத்துக்கொண்டிருக்கலாம்.

உயரத்தை மட்டும் பார்ப்பது

ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், அலை முன்னறிவிப்பு தருகிறது. அதில் "2 மீட்டர்" என்று இருந்தால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருள் அல்ல. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அந்த எண். சில மணி நேரம் கடலில் கிடந்தால் அதைப்போல இரட்டிப்பான ஒன்றை, அதாவது 4 மீட்டரை ஒட்டிய அலையைச் சந்திக்க நேரலாம்.

அதைவிடப் பெரிய தவறு, உயரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அலைக்காலத்தைப் பார்க்காமல் விடுவது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் எத்தனை விநாடி என்பதே அலைக்காலம். 1.5 மீட்டர் உயரம், 6 விநாடி என்றால் ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு 56 மீட்டர். 30 அடி ஃபைபர் படகு அதில் ஏறி இறங்கி அடி வாங்கும். அதே 1.5 மீட்டர், 16 விநாடி என்றால் முகட்டுக்கு முகடு 400 மீட்டர். வெளியே தொட்டில் ஆட்டுவதுபோல இருக்கும், வந்ததே தெரியாது. அந்த நீள அலை கரைக்கு வந்ததும் கதை மாறிவிடும். முகட்டிடைத் தூரத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததுமே அலை தரையை உணரத் தொடங்கும்: குட்டை அலை 28 மீட்டரில், நீள அலை 200 மீட்டரில். அதன்பின் வேகம் குறைந்து, குறுகி, உயர்ந்து, தன் உயரத்தைவிட சற்றே கூடுதலான ஆழத்தில் முறியும். நீள அலை சுமந்து வரும் ஆற்றல் மிக அதிகம் என்பதால் அது முறியும்போது படகையும் ஆளையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

கள்ளக்கடல் என்று குமரி, கேரளக் கரையில் சொல்வது இதைத்தான். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலில் பிறந்த அலைத்தொகுதி 18 விநாடி அலைக்காலத்தோடு வரும்போது மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், நாளொன்றுக்கு 1,200 கி.மீ. கடக்கும். 6,000 கி.மீ. தாண்டி ஐந்தாம் நாள் இங்கே வந்து சேரும்போது உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. "காற்றில்லை, அதனால் கடல் பயமில்லை" என்ற கணக்கு அன்றைக்குச் செல்லாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. மார்ச் முதல் மே வரை அலைக்காலம் 15 விநாடிக்கு மேல் காட்டும் நாளில், வெளியே கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கரையிலிருந்து படகைத் தள்ளுவதும் கரைக்கு ஏற்றுவதும் ஆபத்து.

பாம்பனுக்கு இரண்டு பக்கமும் ஒரே கடல் என்று நினைப்பது

ராமேசுவரத்தில் வடகடல், தென்கடல் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. வடக்கே பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. பெரிய அலை உள்ளே வர வழியில்லை. ஆனால் ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று நீளவாக்கில் அடிக்கும்போது ஆழமில்லாத தண்ணீரில் செங்குத்தான குட்டையலை எழும். தெற்கே மன்னார் வளைகுடா ஆழமானது. அது கொந்தளிப்பது தென்மேற்குப் பருவத்தில். ஒரு பக்கம் முடியாதபோது மறுபக்கம் தொழில் பார்ப்பது இங்கே வழக்கம். வெளியூரிலிருந்து படகு கொண்டுவருகிறவர் அந்த வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளாமல் வருவதுதான் பிழை.

பாம்பன் வாய்க்காலில் நீவாடு, அதாவது நீரோட்டம், பருவத்துக்கு ஏற்பத் திரும்பும். நீவாடு ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இருந்தால் அலை நிமிர்ந்து நெருங்கிவிடும். அதே காற்றில் சற்று முன்பு சாதுவாக இருந்த கடல் சில நூறு மீட்டருக்குள் வேறு கடலாகும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பார், அதாவது நீரடிப் பாறைத்திட்டு, இருக்கும் இடங்களில் வெள்ளையாக நுரைத்தால் அங்கே ஆழம் இல்லை என்று பொருள். ஜி.பி.எஸ். கோடு அதன்மேல் போனாலும் நீங்கள் போக வேண்டாம்.

முகத்துவாரம்

தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயும் பழவேற்காடு முகத்துவாரமும் படகு கவிழ்வதற்குப் பெயர் போனவை. காரணம் இரண்டிலும் ஒன்றே. மணல் சேர்ந்து ஆழம் குறைகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலை முறிகிறது. உள்ளிருந்து வெளியே ஓடும் தண்ணீர் அந்த அலையை இன்னும் நிமிர்த்துகிறது. ஆகவே வற்றம் (கடல்மட்டம் இறங்குவது) ஓடும் நேரத்தில் கடப்பது மோசமான தேர்வு. ஏற்றம் முடியப்போகும் நேரமே நல்லது. தமிழகக் கரையில் ஏற்ற இறக்கம் 1 மீட்டரை ஒட்டியோ அதற்குள்ளோதான், அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2 மீட்டர் ஆழமுள்ள மணல்திட்டில் அரை மீட்டர் குறைந்தால் அது கால் பங்கு.

உள்ளே வரும்போது நிற்காமல் நுழைவது இன்னொரு தவறு. அலைகள் கூட்டமாக வரும்: நாலைந்து பெரியவை, பிறகு ஒரு தணிவு. வெளியே நின்று இரண்டு மூன்று கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். கடைசிப் பெரிய அலை போனதும் அதன் முதுகிலேயே ஏறி அதே வேகத்தில் வர வேண்டும். முந்தினால் முகட்டைத் தாண்டி அணியம் கீழே குத்தும், படகு குறுக்கே திரும்பிக் கவிழும். பிந்தினால் பின்னால் வரும் அலை உள்ளே கொட்டும். பாதியில் பயந்து எஞ்சினைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். ஆட்கள் படகின் நடுவில், தாழ்வாக உட்கார வேண்டும். உயிர்காப்புக் கவசம் பலகைக்கடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். கவிழ்வதற்கு எடுக்கும் நேரத்தில் ஒரு முடிச்சுகூடப் போட முடியாது.

கூண்டு எண்

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை மாணவர் மதிப்பெண் மாதிரி படிக்கக் கூடாது. 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுப் போகிறதா, வலப்புறம் விட்டா, அல்லது அதன்மேலோ மிக அருகிலோ கடக்கிறதா என்பதே வேறுபாடு. 8, 9, 10 அதே வரிசையில் கடும் புயலுக்கு. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. 1ஆம் எண் ஏறினால் தொலைவில் புயல் உருவாகலாம் என்று பொருள். பல நாள் தங்கித் தொழில் பார்க்கும் படகுக்கு அதுவே முக்கியமான எண். கரைக்கு வரவே இரண்டு நாள் ஆகும் ஆளுக்கு 5ஆம் எண் ஏறிய செய்தியால் பயனில்லை. 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே குமரிக்கு அருகில் புயலாகிவிட்டது. அதற்கு முன்பே வெளியே போயிருந்த படகுகளுக்குச் செய்தி போய்ச்சேர வழியில்லாததுதான் அன்றைய பெரும் உயிரிழப்புக்கு ஒரு முக்கியக் காரணம்.

எஞ்சின் நின்றபிறகு

முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது அல்ல, நங்கூரம் போடுவது. கச்சானில் எஞ்சின் நின்ற படகு மணிக்கு மணி கரையை விட்டு விலகிக்கொண்டே இருக்கும். கயிறு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு விட வேண்டும்: 8 மீட்டர் ஆழத்துக்கு 40 முதல் 56 மீட்டர். கயிறு குட்டையானால் நங்கூரம் தரையைப் பிடிக்காமல் மேலே இழுபடும். கட்டுவது அணியத்தில் மட்டுமே. பின்புறம் கட்டினால், எஞ்சின் கனத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கம் அலைக்கு முகம் கொடுத்து, சில நிமிடத்தில் படகு நிறைந்துவிடும். குமரிக்கு வெளியே ஆழம் கூடிய இடத்தில் தரை எட்டாது. அங்கே வாளியையோ வலைத்துண்டையோ நீளக் கயிற்றில் அணியத்திலிருந்து விட்டால், படகு அலைக்கு நேராக நிற்கும், விலகும் வேகமும் குறையும்.

செல்போனை மட்டும் நம்பிப் போவது எல்லோரும் செய்வது. கரையிலிருந்து 10, 15 கி.மீ. தாண்டினால் சிக்னல் இருந்தால் அதிர்ஷ்டம். வி.எச்.எஃப். கையடக்க வானொலிக் கருவி இருந்தால் அவசர அழைப்புக்கு 16ஆம் சேனல்; சிறு படகுக்குச் சிறு படகு 3 முதல் 5 கடல் மைல் கேட்கும். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்துக்கு 1093.

இடத்தைச் சொல்லும்போதுதான் கடைசித் தவறு நடக்கிறது. ஜி.பி.எஸ். கருவி 8 டிகிரி 45 நிமிடம் என்று காட்டுவதை அவசரத்தில் "எட்டு புள்ளி நாற்பத்தைந்து" என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவர் அதை 8.45 டிகிரி என்று எழுதினால் அது 8 டிகிரி 27 நிமிடம். தேடும் கப்பல் 18 கடல் மைல், அதாவது 33 கி.மீ., தெற்கே போய்த் தேடிக்கொண்டிருக்கும். "டிகிரி", "நிமிடம்" என்ற சொற்களை விடாமல் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். அதன்பிறகு படகின் நிறம், எத்தனை பேர், என்ன கோளாறு.