பிசங்கா முட்டை வரைவோர் கவனத்திற்கு

உக்ரைனில் ஈஸ்டர் திருநாளுக்காகத் தேன்மெழுகும் சாயமும் கொண்டு உருவாக்கப்படும் பிசங்கா முட்டைக்கு, ‘எழுதுதல்’ என்னும் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. 2024இல் இக்கலை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இதைச் செய்ய விரும்புவோர், மெழுகு படும் இடம் அந்த நேரத்தில் ஓட்டிலுள்ள நிறத்தையே காத்து நிற்கும் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளைச் சிறு புனல் முனையுள்ள கிஸ்ட்கா என்னும் கருவியால் வெறும் ஓட்டின்மேல் வரைந்து, முட்டையை மஞ்சள் சாயத்தில் இட்டெடுத்து, மஞ்சளாக நிற்க வேண்டியவற்றை அதன்பின் மெழுகால் மூடி, சிவப்பு, கறுப்பு என அடர்நிறங்களுக்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். சாயம் நன்கு ஆறியிருக்கட்டும்; சூடாக இருந்தால் மெழுகு இளகிக் கோடுகள் கலைந்துவிடும். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சாயம் திட்டுத்திட்டாகவே பிடிக்கும் என்பதால், முட்டையை மெல்லிய தாளால் பிடித்துக்கொள்வது நல்லது.

இறுதியில் மெழுகை உருக்கும்போது, முட்டையை மெழுகுவர்த்திச் சுடரின் உச்சியில் காட்டாமல் பக்கவாட்டில் காட்டி, மெழுகு ஈரம்போல் பளபளத்த உடனே மென்துணியால் ஒற்றி எடுங்கள். உச்சியில் காட்டினால் கரி படிந்து, பல மணிநேர உழைப்பு பாழாகிவிடும். கறுத்த ஓட்டிலிருந்து மஞ்சளும் வெள்ளையும் ஒவ்வொரு கோடாக வெளிப்படும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இத்தனை பொறுமையும் தகும் என்பேன். இச்சாயங்கள் தோய்ந்த முட்டையை உண்ணலாகாது.