தகரத்தில் மழை: கம்பஸில் வீடியோ பழக வருகிறவர்களுக்கு

என் முதல் வீடியோவில் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பேசுவது கேட்காது. வாய் அசையும், கை ஆடும், பின்னால் அடுப்புப் புகை அழகாகச் சுருளும். கேட்பது தகரத்தில் கொட்டுகிற மழை மட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், லீவுக்கு மலையகத்தில் எங்கள் ஊரான மஸ்கெலியாவுக்குப் போனபோது எடுத்தது. மாதம் ஜூன். மே தொடங்கி செப்டம்பர் வரை எங்கள் பக்கம் மழை விடாது என்பது பிறந்ததிலிருந்து தெரியும். கெமராவைக் கையில் எடுத்ததும் மறந்துபோனது. எங்கள் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தில் தாத்தா ரதி வேஷம் கட்டிய கதையை அம்மாயி நாற்பது நிமிடம் சொன்னார். மறுபடி கேட்டபோது, "அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே" என்றார்.

ஊடகத்தையே பாடமாகப் படிக்க யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. களனியில் வெகுசனத் தொடர்பாடல் இருக்கிறது, அங்கே சிங்களம் நன்றாகத் தெரிந்தால் சுகம். என்னை உயர்தரப் பரீட்சையின் இசட் ஸ்கோர் கொண்டுபோய் விட்டது பேராதனைக் கலைப்பீடத்தில். வீடியோ எடுப்பதை எனக்கு யாரும் வகுப்பில் கற்பிக்கவில்லை. ஆனால் கம்பஸ் என்றால் நிகழ்ச்சிக்குக் குறைவில்லை. பொங்கல் விழா, நாடகம், விவாதம், பிரியாவிடை என்று எல்லாவற்றுக்கும் ஒருவர் வீடியோ எடுக்க வேண்டும், கடைசிவரை நின்று எடுப்பவர் குறைவு. முதல் செமஸ்டரிலேயே போய், "அண்ணா, ட்ரைபொட் தூக்கவா?" என்று கேளுங்கள். நான் மூன்று மாதம் வயர்தான் சுருட்டினேன். முழங்கையில் சுற்றினால் முறுக்கு விழுந்து உள்ளே கம்பி அறுந்துவிடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். கெமரா தொடுவதற்கு முன் கற்றது அது.

சரச்சந்திர திறந்தவெளி அரங்கில், எல்லோரும் 'வள' என்கிற இடத்தில், ஒரு இரவு நாடகமாவது எடுத்துப் பாருங்கள். மேடையில் வெளிச்சம், சுற்றிலும் கும்மிருட்டு. போன் கெமராவை ஓட்டோ மோடில் விட்டால் அது இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்து நடிகரின் முகத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆக்கிவிடும். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டி, கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

இனி ஒலி. நல்ல கெமரா வாங்கக் காசு சேர்க்கிறேன் என்று இரண்டு வருடம் சும்மா இருந்த நண்பர்களை எனக்குத் தெரியும். அந்தக் காசில் சின்னப் பங்கு போதும், காலரில் குத்துகிற வயர் மைக் ஒன்றும் காதை மூடுகிற ஹெட்போன் ஒன்றும் வாங்க. ரெக்கோடருக்கு வீட்டில் கிடக்கிற பழைய போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, வொய்ஸ் ரெக்கோடரைத் திறந்து, பேசுபவரின் மடியிலோ சட்டைப் பையிலோ வைத்துவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். சேலை மடிப்புக்குள் ஒளித்தால் துணி உரசுகிற சத்தம்தான் வரும். வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை. வளையலைக் கழற்றச் சொல்லத் தயங்காதீர்கள். கழுத்துச் சங்கிலி மைக்கில் படுகிறதா என்றும் பாருங்கள். அம்மாயியின் இரண்டாவது பதிவில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு 'டிக்' விழுந்தது அந்தச் சங்கிலியால்.

இரண்டு கருவியும் ஓடத் தொடங்கியதும் கெமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். முடியும்போது இன்னொருமுறை. எடிட்டிங்கில் அந்த இரண்டு தட்டலையும் பொருத்தினால் போதும். முதல் தட்டல் பொருந்தி கடைசித் தட்டல் விலகி நின்றால், போன் பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை) தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கொன்ஸ்டன்ட் பிரேம் ரேட் தெரிவுசெய்து மாற்றிக்கொண்டு பிறகு எடிட் செய்யுங்கள். இது தெரியாமல் ஒரு முழு இரவு உதட்டையும் குரலையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒலி மட்டம் சத்தமான இடத்தில் -12 டெசிபலுக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. 0-ஐத் தொட்டால் குரல் கிழியும். கிழிந்ததைப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எடுக்கும்போது முதலில் ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காருங்கள். பீலியில் தண்ணீர் விழும், கோழி கொக்கரிக்கும், பக்கத்துக் காம்பராவில் சீரியல் ஓடும். சீரியலை நிறுத்தச் சொல்ல நீங்களே போகவேண்டாம், உங்கள் அம்மாவை அனுப்புங்கள். வெறும் சுவர் எதிரொலித்தால் கெமராவில் படாத பக்கம் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள், குரல் அடங்கி வரும். மழை வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். எந்த மென்பொருளும் தகரத்து மழையைக் குரலிலிருந்து சுத்தமாகப் பிரித்துத் தராது. அந்த மழையைத் தனியாக ஐந்து நிமிடம் பதிந்து வையுங்கள், எங்காவது தேவைப்படும். யாரும் பேசாத அறையின் சத்தத்தையும் முப்பது செக்கன் பதியுங்கள், வெட்டிய இடங்களில் நிரப்ப. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் எடுப்பதென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை பார்த்துக்கொள்ளுங்கள். பதுளைப் பிள்ளைகளுக்குக் கணக்கு தலைகீழ், அங்கே மழை வருட முடிவில்.

படத்துக்கு வருகிறேன். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் வழக்கமாக 30 பிரேமில் எடுக்கும். இரண்டும் பொருந்தாததால் விடுதி ட்யூப் லைட்டுக்குக் கீழே படம் துடிக்கும், கறுப்புப் பட்டி ஓடும். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் நின்றுவிடும். போனில் அந்த வசதி இல்லாவிட்டால் பிளக்மேஜிக் கெமரா என்ற இலவச அப் இருக்கிறது.

பனி மூட்டத்தில் வானம் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். அதைப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால் முகம் கரியாகும். ஆளைத் திருப்பி, தேயிலைச் சரிவு பின்னால் வருமாறு நிறுத்துங்கள். அதே பனி முகத்துக்கு மெதுவான வெளிச்சம் தரும். குளிரிலிருந்து அடுப்படிக்குள் போனால் லென்ஸில் நீர் பூக்கும். வெளியிலேயே கெமராவை சொப்பிங் பேக்கில் கட்டி உள்ளே கொண்டுபோய், கால் மணித்தியாலம் விட்டுப் பிரியுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம், கெமராவுக்குள் தவிடு போகும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடுகிற டப்பா போதும், லென்ஸில் பூஞ்சணமும் பிடிக்காது.

மலையில் எடுப்பதென்றால் முன்கூட்டியே தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. கொழுந்து எடுக்கிற அக்காமாரை "இங்க பாருங்க, சிரிங்க" என்று நிறுத்தாதீர்கள். கிலோ குறைந்தால் அவர்களுக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். நாங்கள் அந்த லயங்களிலிருந்தே வந்தவர்கள், சுற்றுலாக்காரர் மாதிரி நடந்துகொள்ள எங்களுக்கு எந்தச் சாட்டும் இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எடை போட்டு முடிந்து கூடையைக் கவிழ்த்துவிட்டு நிற்கும்போது, அல்லது ஞாயிறன்று வீட்டில், பேச்சுக் கொடுங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பு போதும். லெப்டொப் திணறினால் ப்ரொக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் சின்ன நகல்கள், உருவாக்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேடென்லைவ் என்ற இன்னொரு இலவச மென்பொருள். எடுத்ததை முதலில் கேட்டு, நல்ல வசனங்களைக் கொப்பியில் நேரத்தோடு எழுதி, வரிசையைத் தாளிலேயே முடிவுசெய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். தமிழ் எழுத்துக்கு பாமினி என்ற பழைய எழுத்துருவைப் பாவிக்காதீர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். யுனிகோட்டில் தட்டி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வையுங்கள். பிரீமியர் மென்பொருளில் எடிட் செய்யும்போது கொம்பும் காலும் இடம்மாறினால் அமைப்புகளில் தெற்காசிய எழுத்து இயக்கியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

நொடிக்கு 20 மெகாபிட் என்றால் ஒரு மணித்தியாலப் பதிவு 9 ஜிபி. அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். நான் ஒன்றில் மட்டும் வைத்திருந்து, அது மேசையிலிருந்து விழுந்து, மூன்றாம் வருடத்துப் பதிவு முழுவதையும் தொலைத்தேன்.

முடித்ததை வட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். காமன் கூத்துக் கதையை அம்மாயி மூன்றாவது தடவையாகச் சொன்னது ஒரு பெப்ரவரி காலையில். தங்கச்சி போனில் அதைப் போட்டுக் கையில் கொடுத்தாளாம். அம்மாயி திரையைப் பார்க்கவில்லையாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு, கோல் பேசுவதுபோல, கடைசிவரை கேட்டாராம்.